பாதி மறந்துபோன பொம்மை உலகத்தை வைத்துப் போட்டிக்குக் கதை எழுதலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் வசதியாக இருக்கும். நீங்கள் சிறு வயதில் லெகோவின் பயோனிக்கிள் பொம்மைகளோடு வளர்ந்தவர். ஒரு ரசிகர் கதைப் போட்டி அறிவிப்பு கண்ணில் பட்டிருக்கிறது: பழைய பொம்மை வரிசை ஏதாவது ஒன்றின் உலகத்தில் நடக்கும் கதை, 3,000 சொற்களுக்குள். எழுத ஆசைதான். ஆனால் பாதிக் கதை மறந்துவிட்டது, ரசிகர்கள் தொகுத்த விக்கித் தளத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது, நிறுவனம் வழக்குப் போட்டுவிடுமோ என்ற பயம் வேறு. "வெறும் ஏக்கத்தை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். பார்த்தால் மூன்று நான்கு கேள்விகள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த ரசிகர்கள் இருக்கும்போது, இந்த உலகத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி?

தகுதி தாராளமாக இருக்கிறது. நான் பல ஆண்டுகளாக ரசிகர் கதைகளைத் திருத்தியும், இதுபோன்ற போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அதிகம் தெரிந்தவர்கள் எழுதியதாலேயே ஒரு கதை பரிசு வாங்கியதாக எனக்கு நினைவில்லை. நன்றாக விளையாடிய குழந்தை ஒன்று அந்தக் கதைக்குள் இன்னும் இருக்கிறதா என்பதுதான் எங்களுக்குப் படிக்கும்போது தெரிகிறது. இது என் கருத்து. வேறு நடுவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஆனால் ஏன் இப்படி நினைக்கிறேன் என்பதற்கு அந்தப் பொம்மைகளிலேயே ஆதாரம் இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

பயோனிக்கிள் 2001-இல் வந்தபோது அதன் கதை எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். மாத்தா நூயி என்ற தீவு. கடற்கரையில் உருளை வடிவப் பெட்டகங்கள் ஒதுங்குகின்றன. அவற்றிலிருந்து டோவா எனப்படும் ஆறு வீரர்கள் துண்டு துண்டாக வெளியே விழுகிறார்கள். தங்களைத் தாங்களே மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். யார், எங்கிருந்து வந்தோம் என்பது அவர்களுக்கே நினைவில்லை. இப்போது பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைத்ததும் அதே உருளை டப்பாதான். மூடியைத் திறந்து கவிழ்த்தால் துண்டுகள் தரையில் கொட்டும், அவற்றை மாட்டி எழுப்ப வேண்டியது குழந்தையின் வேலை. கதையின் முதல் காட்சியும் குழந்தையின் முதல் ஐந்து நிமிடமும் ஒன்றேதான். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். குழந்தை கதையைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அதை நடத்திக்கொண்டிருந்தது.

அடுத்து அந்த வீரனின் முதுகு. பின்னால் ஒரு பற்சக்கரம் இருக்கும். அதைத் திருகினால் கை வீசும். எதிரே நிற்கும் பொம்மையின் முகத்தில் சரியாகப் பட்டால் முகமூடி தெறித்து விழும். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. முகமூடி போனவன் தோற்றவன். கதையிலும் அதுவே விதி: சக்தி முகமூடியில் இருக்கிறது, அது கழன்றால் வீரன் தளர்ந்துபோகிறான். ராஹி என்ற விலங்குகளை மக்கூட்டா என்ற தீயசக்தி கறைபடிந்த முகமூடிகளால் ஆட்டிவைக்கும். அந்த முகமூடியைத் தட்டிவிட்டால் விலங்கு விடுதலை ஆகிவிடும். அதாவது எதிரியைக் கொல்லத் தேவையில்லை, அவன் முகத்தில் இருப்பதைக் கழற்றினால் போதும். ஒரு பற்சக்கரம் செய்யக்கூடிய வேலையிலிருந்து ஓர் உலகத்தின் அறமே பிறந்திருக்கிறது. நீங்கள் எத்தனை பாத்திரப் பெயர்களை மறந்திருந்தாலும், முகமூடி தெறித்து எங்கோ போய் அதைத் தேடிய ஞாபகம் உங்கள் விரல்களில் இருக்கும். உங்கள் கதைக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் இருக்கிறது.

இது பயோனிக்கிளுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. 1980-களின் பொம்மை வரிசைகள் எல்லாமே ஓரளவு இப்படித்தான் எழுதப்பட்டன. 1982-இல் ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மைகள் சின்ன உருவங்களாக வந்தபோது, அட்டையின் பின்பக்கம் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு தகவல் குறிப்பு இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற உருமாறும் ரோபோப் பொம்மைகள் வந்தன. அவை முதலில் ஜப்பானின் தகாரா நிறுவனம் வேறு பெயர்களில் விற்ற பொம்மைகள். அமெரிக்காவில் விற்பதற்காக காமிக்ஸ் நிறுவனமான மார்வெலில் இருந்த பாப் புடியான்ஸ்கி பல ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். ஒரு பத்தி, ஒரு மேற்கோள், வலிமைக்கும் வேகத்துக்கும் சில எண்கள். குழந்தைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சத்தை அது தானே நிரப்பிக்கொண்டது. அந்த வகையில் அந்தக் காலக் குழந்தைகள் எல்லோரும் எழுதத் தெரியாமலேயே ரசிகர் கதை சொன்னவர்கள்.

"நான் நினைவில் வைத்திருப்பது அதிகாரபூர்வக் கதைக்கு முரணாக இருந்தால்?" என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு இன்னொரு பொம்மை வரிசையின் நாயகனான ஹீ-மேனைப் பாருங்கள். 1982-இல் பொம்மையோடு பெட்டிக்குள் வந்த முதல் குட்டிக் காமிக்ஸில் அவன் காட்டுக் குடியைவிட்டுப் புறப்படும் ஒரு போர்வீரன். அவனுடைய மறுமுகமான இளவரசன் ஆடம் என்ற பேச்சே அதில் கிடையாது. இளவரசன் பிறகுதான் வந்தான், 1983-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அவனை உலகத்துக்கே தெரிந்தவன் ஆக்கியது. முதல் காமிக்ஸை மட்டும் படித்துவிட்டு விளையாடிய ஒரு குழந்தை இன்று வளர்ந்து கதை எழுதினால் அது தவறான ஹீ-மேனா? அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பொம்மை வரிசைகளின் கதை ஒரே ஆளின் கையிலிருந்து ஒரே மூச்சில் வந்தது அல்ல. வடிவமைப்பாளர், விளம்பரக் குழு, காமிக்ஸ் எழுத்தாளர், தொலைக்காட்சி நிறுவனம் என்று பலர் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் உருவானது. எந்தச் சரக்கை இனி விற்பதில்லை என்ற முடிவுகூடக் கதையை மாற்றியது. 1986-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் நல்ல ரோபோக்களின் தலைவனான ஆப்டிமஸ் பிரைம் இறந்ததற்குப் பெரிய காரணம், பழைய பொம்மைகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது. திரையரங்கில் குழந்தைகள் அழுது, பெற்றோர் புகார் சொல்லி, கடைசியில் தொலைக்காட்சித் தொடரில் அவனை உயிர்ப்பித்தார்கள்.

பயோனிக்கிள் மட்டும் இதில் கொஞ்சம் கறாரானது, ஒப்புக்கொள்கிறேன். காமிக்ஸையும் பெரும்பாலான நாவல்களையும் எழுதிய கிரெக் ஃபார்ஷ்டி, ரசிகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பல ஆண்டுகள் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பதில்களையும் ரசிகர்கள் கதையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். விக்கி இவ்வளவு பருத்துப் போனதற்கு அது ஒரு காரணம். அந்த உலகத்தில் காதல் கிடையாது என்பதுகூட அவர் சொன்ன விதிதான். ரசிகர்கள் அதை மீறி எழுதிய கதைகளுக்கும் குறைவில்லை. அப்புறம், முடிக்கப்படாத இடங்களும் நிறைய. 2010-இல் பொம்மை வரிசை நின்றது. அதற்குப் பிறகும் ஃபார்ஷ்டி இணையத்தில் தொடர்ந்த சில தொடர்கதைகள் பாதியில் விடப்பட்டன. 2015-இல் பயோனிக்கிள் புதுக் கதையோடு திரும்பி வந்து, 2016-லேயே மறுபடியும் நின்றுபோனது. இந்த உலகம் ரசிகர்கள் கையில் இன்றும் உயிரோடு இருக்கிறதென்றால் அந்தப் பாதியில் நின்ற இடங்களும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். இதை நிரூபிக்க முடியாது, ஆனால் எனக்கு வரும் கதைகளில் பெரும்பங்கு அந்த இடைவெளிகளில்தான் நடக்கின்றன.

இப்போது ஏக்கத்துக்கு வருகிறேன். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்: ஏக்கம் எழுத உட்கார வைக்கும், ஆனால் எழுதித் தராது. இந்தப் போட்டிகளில் இரண்டு வகைக் கதைகள் குவியும். ஒன்று, பட்டியல் கதை. தீயின் வீரன் தாஹு, நீரின் வீராங்கனை காலி, பனியின் வீரன் கொபாக்கா என்று ஒவ்வொருவராக அணிவகுத்து வந்து தங்கள் சக்தியைக் காட்டிவிட்டுப் போவார்கள். எழுதியவருக்கு ஒவ்வொரு பெயரும் சிலிர்ப்பு; படிப்பவருக்கு அது வருகைப்பதிவேடு. இரண்டாவது, பரணில் கிடைத்த பெட்டிக் கதை. வளர்ந்த மனிதர் ஒருவர் வீடு மாற்றும்போது பழைய பொம்மையைக் கண்டெடுப்பார், கண் கலங்குவார், தன் குழந்தையிடம் கொடுப்பார். இதில் உண்மையான உணர்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பொம்மையைப் பற்றிய நினைவுக்குறிப்பு. போட்டி கேட்பது அந்த உலகத்துக்குள் நடக்கும் கதை. அதோடு, அடுத்தடுத்து ஐந்து பேர் இதையே எழுதியிருந்தால் ஆறாவதைப் படிக்கும் நடுவரின் மனநிலையையும் நினைத்துப் பாருங்கள்.

ஏக்கத்தை வீணாக்காமல் பயன்படுத்த ஒரு வழி உண்டு. "எது பிடித்தது?" என்று கேட்டுக்கொள்வதற்குப் பதிலாக "நான் என்ன செய்தேன்?" என்று கேளுங்கள். எந்தப் பொம்மையை எப்போதும் ஜெயிக்க வைத்தீர்கள்? எதை வில்லனாக்கினீர்கள், அது உண்மையில் வில்லனாக விற்கப்பட்டதுதானா? உடைந்த பொம்மையை என்ன செய்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்பேன். பயோனிக்கிள் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், கை கால்களை இணைக்கும் பந்து மூட்டின் கிண்ணம் நாளாக நாளாக மெல்லிய கோடாக விரிசல் விடும். பிற்காலத்தில் வந்த எலுமிச்சைப் பச்சை நிறத் துண்டுகள் இதற்குப் பேர்போனவை, மாட்டும்போதே "டக்" என்று பிளந்துவிடும். அப்புறம் அந்தக் கை எந்த நிலையிலும் நிற்காது, தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரு கை தூக்க முடியாத வீரனை வைத்து நீங்கள் விளையாடியிருப்பீர்கள். அவனுக்கு ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பீர்கள், பழைய போரில் பட்ட காயம் என்றோ, சாபம் என்றோ. அந்தக் காரணம் எந்த விக்கியிலும் கிடையாது. அது உங்களுடையது.

எழுத்தில் இது எப்படி இறங்கும் என்று காட்ட ஒரு சின்ன உதாரணம், நானே எழுதியது. "கோரு தன் சிவப்பு முகமூடியை இழந்தான். அதனால் அவனுடைய நெருப்புச் சக்தி குறைந்தது. அவன் சோர்வடைந்தான்." இதில் தகவல் சரி. இனி இப்படி: "முகமூடி பாறையில் மோதி உருளும் சத்தம் கேட்டது. கோருவின் இடது கை தானாகவே முகத்துக்குப் போனது. வலது கை எப்போதும் போல வரவில்லை. சத்தம் நின்ற இடத்தை மனதில் வைத்துக்கொண்டு முழங்காலில் நகர ஆரம்பித்தான். பத்தடி தூரத்தில் எதிரியும் அதே சத்தத்தைக் கேட்டிருந்தான்." பயோனிக்கிள் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் இது புரியும். தெரிந்தவர் அந்த வலது கையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். கோரு என்ற பெயரையும் நான்தான் வைத்தேன். நீங்களும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வது நல்லது. போட்டி விதி அதற்கு இடம் கொடுத்தால் அதையே பரிந்துரைப்பேன். பெரிய வீரர்களை ஓரமாக நடமாட விடுங்கள். 3,000 சொற்களில் ஆறு பேரைச் சுமக்க முடியாது.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு முக்கியம். தொடக்கத்தில் பயோனிக்கிள் கதை மாவோரி மொழியிலிருந்தும் பிற பாலினேசிய மரபுகளிலிருந்தும் பல சொற்களை எடுத்துக்கொண்டது. 2001-இல் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. தோஹுங்கா என்பது அவர்களிடையே மதிப்புக்குரிய ஞானியைக் குறிக்கும் சொல். பொம்மைக் கதையில் அது கிராமத்துச் சாதாரண ஜனங்களின் பெயராக இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு லெகோ சில பெயர்களைக் கைவிட்டது, தோஹுங்கா மாத்தோரன் ஆனார்கள், ஜாலா என்ற பாத்திரம் ஜாலர் ஆனது. கதைக்குள்ளேயே அதைப் பெயர் சூட்டும் விழாவாகக் கொண்டுவந்து சரிசெய்தார்கள். உங்கள் நினைவில் பழைய பெயர்கள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டுப் புதியவற்றையே எழுதுங்கள். புதுப் பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும்போதும் ஒரு உண்மையான மொழியிலிருந்து ஓசை நன்றாக இருக்கிறதென்று அள்ளிக்கொள்ள வேண்டாம். குழந்தையாக இருந்தபோது நமக்கு இது தெரியாது, இப்போது தெரியும்.

சட்டப் பயத்தைப் பற்றி. நான் வழக்கறிஞன் இல்லை, அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் முடியாததையும் பிரித்தே சொல்கிறேன். உறுதியானது: பாத்திரங்களும் கதையும் நிறுவனத்தின் பதிப்புரிமைக்குள் வருபவை, பெயரும் சின்னமும் வணிகக் குறியீடுகள். உங்கள் கதையை அச்சிட்டு விற்றால் சிக்கல் வரும். லெகோ தன் பெயரை ரசிகர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது, நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றது போலத் தோற்றம் தரக் கூடாது என்பது அதன் சாரம். உறுதியில்லாதது: காசு வாங்காமல் எழுதும் ரசிகர் கதை சட்டப்படி முழுக்கச் சரியா என்பது. அமெரிக்கச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்ற பிரிவு இருக்கிறது. நோக்கம் என்ன, மூலம் எத்தகையது, எவ்வளவு எடுத்தீர்கள், சந்தையைப் பாதிக்கிறதா என்று நான்கு கோணத்தில் பார்ப்பார்கள். ஆனால் அது வழக்குக்கு வழக்கு மாறும், நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். நடைமுறையில், விற்காத ரசிகர் கதைகளை நிறுவனங்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. 2007-இல் தொடங்கிய உருமாற்றப் படைப்புகளுக்கான அமைப்பு நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில் லட்சக்கணக்கான கதைகள் வெளிப்படையாகவே இருக்கின்றன, அந்தத் தளத்துக்கு 2019-இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவு உலகின் ஹியூகோ விருதும் கிடைத்தது. ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு, அனுமதி வேறு. உரிமம் வாங்கி ரசிகர் கதைகளை விற்க அமேசான் 2013-இல் கிண்டில் வேர்ல்ட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது, ஜி.ஐ. ஜோ உலகமும் அதில் இருந்தது. 2018-இல் அதை மூடிவிட்டார்கள்.

அதனால் போட்டியில் நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் உரிமை பற்றிய பத்தி. வென்ற கதைகளை ஏற்பாட்டாளர்கள் தொகுத்து விற்கப் போகிறார்களா? பரிசு பணமா? எழுதிய கதையின் உரிமையை முழுதாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா? மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்று இருந்தால் முதலில் அவர்களிடம் எழுதிக் கேளுங்கள், நிறுவனத்தின் அனுமதி இருக்கிறதா என்று. நேர்மையாக நடத்துபவர்கள் தெளிவாகப் பதில் சொல்வார்கள். மழுப்பினால் கதையை எழுதுங்கள், அங்கே அனுப்பாதீர்கள். மற்ற விதிகள் எளியவை: சொல் எண்ணிக்கை, வயது வரம்பு, முன்பே எங்காவது வெளியானதா, கோப்பில் உங்கள் பெயர் இருக்கலாமா கூடாதா. பெயர் இருக்கக் கூடாது என்ற விதியைக் கவனிக்காமல் அனுப்பி நல்ல கதைகள் முதல் சுற்றிலேயே கழிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

விக்கியை என்ன செய்வது? எழுதத் தொடங்கும் முன் திறக்காதீர்கள். நினைவில் இருப்பதை வைத்து முதல் வரைவை முடியுங்கள். அப்புறம் போய்ச் சரிபாருங்கள், அதுவும் உங்கள் கதை தொடும் இடங்களை மட்டும். முரண்பாடு கண்டால் இரண்டு வகையாகப் பிரியுங்கள். உலகத்தின் விதி உடைகிறது என்றால், அதாவது முகமூடி இல்லாமலே ஒருவன் முழுச் சக்தியோடு சண்டை போடுகிறான் என்றால், திருத்துங்கள். தேதியோ, எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்பதோ மட்டும் மாறுகிறது என்றால், கதைக்கு நல்லது எதுவோ அதைச் செய்துவிட்டு, தலைப்புக்குக் கீழே ஒரே வரியில் "அதிகாரபூர்வக் கதையிலிருந்து விலகியது" என்று போட்டுவிடுங்கள். பெரும்பாலான நடுவர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். மறதியைக் கதைக்குள்ளேயே பயன்படுத்தலாமே என்று தோன்றலாம், அந்த வீரர்களும் நினைவிழந்தவர்கள்தானே. செய்யலாம், ஆனால் கடற்கரையில் கண்விழிக்கும் காட்சியோடு மட்டும் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

கடைசியாக, இந்த உலகம் ஒரு நோயாளியின் யோசனையிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த டென்மார்க் ஓவியர் கிறிஸ்டியன் ஃபேபருக்கு மூளையில் கட்டி இருந்தது. மருந்து எடுத்துக்கொள்ளும்போது, உடலுக்குள் குட்டி வீரர்களை அனுப்பி நோயோடு போராட வைப்பதாகக் கற்பனை செய்தேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த உருளைப் பெட்டகம் ஒரு மருந்துக் குப்பி. 2008-இல் கதை வெளிப்படுத்திய பெரிய ரகசியமும் அதுதான்: தீவுக்குப் பெயர் தந்த மாத்தா நூயி என்பது ஒரு பிரம்மாண்ட உடல், எல்லாரும் வாழ்ந்த தீவு அதன் முகத்தின் மேல் படர்ந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொம்மை விற்கும் அவசரத்துக்கு நடுவிலும் ஒரு மனிதர் தன் சொந்த வலியை அதற்குள் வைத்தார், அது கோடிக்கணக்கான டப்பாக்களைத் தாண்டி உங்களிடம் வந்து சேர்ந்தது. உங்கள் கை தூக்க முடியாத வீரனுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

வரைவு முடிந்ததும் பயோனிக்கிள் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எங்கே நிறுத்தி "இது யார்?" என்று கேட்கிறாரோ அங்கே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று கோட்டுக்கு மேல் விழுந்தால் பெயர்களைக் குறையுங்கள். விளையாட்டில் நீங்கள் செய்ததையெல்லாம் எழுதி வைத்தபின் எதைக் கதையாக்குவது என்று குழப்பம் வந்தால், அந்தப் பட்டியலை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.